காய்கறி வண்டியில் ஓர் இடம்

மாநகரத்தில் அவர்கள் குடியிருந்தது ஒரே அறையில். பக்கத்துக் குடித்தனத்தைப் பிரித்தது சுவர்கூட அல்ல, வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கத்துக்காரர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அதனால் அவர்களுடைய மகள் பேசப் பழகியதே கிசுகிசுப்பாகத்தான். கணவன் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சம்பளத்தில் பாதியை வாடகை விழுங்கிவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு மாதக் கடைசியை எட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த இந்தச் சின்ன நகரத்தில் அதைவிடக் குறைந்த வாடகைக்கு இரண்டு அறை கிடைத்தது. தனிச் சமையலறை வேறு, அதில் ஒரு ஜன்னல். குடிவந்த புதிதில் மகள் ஒருநாள் குளித்துக்கொண்டே தொண்டை கிழியப் பாடினாள். அம்மா பழக்கதோஷத்தில் அடக்கப் போனவள், கதவருகே நின்று சிரித்துவிட்டாள்.

"பாடுடி, நல்லாப் பாடு. யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

சண்டைக்கு வந்தவர் எதிரே காய்கறிக் கடை வைத்திருந்தவர். அவர் முகத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர் 'கடுகடு அண்ணன்'. முதல் தடவை அவள் தக்காளி வாங்கப் போனபோதே தராசைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"அங்கேயிருந்து வர்றவங்க கேட்ட வாடகையக் கேள்வி கேக்காமக் குடுத்துடுறீங்க. உங்களுக்கு அது மலிவு. இங்கேயே பொறந்தவங்க எங்கம்மா போறது?"

அவள் தக்காளிப் பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். தாங்கள் தப்பிப் பிழைத்து வந்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தாள். தங்களால் இன்னொருவர் வாழ்க்கை விலையேறிப்போகும் என்று தோன்றியதே இல்லை.

மழைக்காலத்தில் ஆற்றின் ரயில் பாலம் பழுதாகி, கணவன் மாநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். பேருந்தில் கால் வைக்க இடமில்லை. கணவன் தினமும் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். அவளுக்குப் பள்ளி அலுவலகத்தில் மதியம் முதல் மாலைவரை அரைநாள் வேலை. அந்தச் சம்பளத்தில் வீடு நடக்காது. திரும்பவும் அந்தப் பலகைத் தடுப்புக்கே போக வேண்டியிருக்குமோ என்று இருவரும் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

மகள் ஓட்டைவாய். கடையில் வெங்காயம் வாங்கும்போது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். மறுநாள் விடிவதற்கு முன்பே கதவு தட்டப்பட்டது. வாசலில் கடுகடு அண்ணன்.

"மாநகரச் சந்தைக்கு வண்டி கிளம்புது. ஆஸ்பத்திரி வழியாத்தான் போகுது. வர்றதா இருந்தா வரச் சொல்லும்மா. சும்மா நின்னுட்டு இருக்க முடியாது."

கணவன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினான். பாலம் சரியாகும்வரை அந்த வண்டியில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. அவள் டீசல் செலவுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னபோது மனிதர் சீறினார்.

"நான் என்ன டாக்ஸியா ஓட்டுறேன்? உள்ள வைம்மா அத."

ஒருநாள் வண்டியில் பேச்சுவாக்கில் அவர் சொன்னதைக் கணவன் வீட்டில் வந்து சொன்னான். இந்த வீட்டில் முன்பு இருந்தவள் அவருடைய தங்கை. தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியபோது ஈடுகொடுக்க முடியாமல் ஊருக்கு வெளியே போய்விட்டாள். அங்கே வீடு மலிவுதான், ஆனால் துணி கொண்டுவர ஆள் இல்லை.

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டா அந்த மனிதர் தினமும் இவனை ஏற்றிப் போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை தங்கை அண்ணனுக்கு உதவியாகக் கடைக்கு வந்திருந்தாள். இவள் நேரே போய் நின்றாள். என்ன சொல்வதென்று யோசிக்காமலே வந்திருந்தாள்.

"அக்கா, நாங்க இருக்கறது நீங்க இருந்த வீடாமே. எனக்குத் தெரியாதுக்கா."

தையல்காரி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "மொதல்ல கோவம் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சா, நானும் மலிவா இருக்குன்னுதானே அந்தப் பக்கம் போனேன்? அங்க யாரு என்னைத் திட்டுறாங்களோ!" அவள் சிரித்தாள். "சமையலறை ஜன்னல் மழைக்கு இறுகிக்கும். சோப்பு தேய்ச்சு விடுங்க."

அந்தச் சிரிப்பில்தான் இவளுக்குத் தைரியம் வந்தது.

"முன்னறை பகல்ல சும்மாதான்க்கா கெடக்கு. மிஷினக் கொண்டாந்து போட்டுக்கோங்க. என் பொண்ணும் ஸ்கூல் விட்டு வந்தா தனியாத்தான் இருக்கா."

"வாடகை?"

"உங்க அண்ணன்கிட்ட டீசலுக்குக் குடுக்கப் போய் நான் வாங்கின திட்டே போதும்க்கா. அந்தப் பேச்சே வேண்டாம்."

கடுகடு அண்ணன் உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். அவிழ்த்த முடிச்சையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

மிஷின் அதே காய்கறி வண்டியில் வந்து இறங்கியது. வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். தையல்காரி அவரைப் பேசவிடாமல், "பேன்ட் இடுப்புல தொளதொளன்னு இருக்கே, குடுங்க, பிடிச்சுத் தர்றேன்" என்றாள். மனிதர் வந்த காரியத்தை மறந்து போனார். பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் துணிப்பையோடு படியேறினார்கள்.

ரயில் ஓடத் தொடங்கிய அன்று, வேலையிலிருந்து திரும்பியவள் வாசலில் நின்றாள். உள்ளே மிஷின் கடகடத்தது. மகள் வெட்டுத்துணிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டு, வகுப்பில் நடந்ததையெல்லாம் தையல்காரியிடம் கதை கதையாக அளந்துகொண்டிருந்தாள். இவள் செருப்பைக் கழற்றினாள். இந்த ஊர் தங்களை உள்ளே விட்டிருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்து கண் கரித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் டீ போட உள்ளே போனாள்.