புகார் மேசைக்காரனின் ஆமென்

எங்கள் வீட்டில் ஜெபம் செய்வது என் மனைவியின் வேலை. ஆமென் சொல்வது என் வேலை. இருபத்தாறு வருஷமாக இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அவள் முழங்காலில் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்காகவும் வேண்டுவாள். நான் நாற்காலியில் கண்ணை மூடுவேன். பாதி நாள் தூங்கியும் விடுவேன். அவள் சத்தம் நின்றதும் பழக்கதோஷத்தில் ஆமென் வந்துவிடும்.

அப்புறம் அவள் முதுகெலும்பில் நோய் வந்தது. முதலில் படுத்தபடியே ஜெபித்தாள். போன வாரம் அதையும் நிறுத்திவிட்டாள்.

"என்னால முடியலைங்க. ஸ்தோத்திரம்னு சொன்னாலே வாய் கசக்குது. அவர்கிட்டயே போய் பொய் சொல்லவா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொடுத்த மாத்திரையை விழுங்கினாள், ஊட்டியதைச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார். அது போகட்டும். இவள் ஆண்டவரோடு பேச்சே இல்லாமல் போய்விடுவாளோ என்றுதான் கவலை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குழுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.

"துதிங்க சிஸ்டர், துதிச்சா வலி பறந்துடும்" என்றார் அவர்களுடைய தலைவி.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச இந்த அம்மாவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

"பறக்கட்டும்மா, ஜன்னலைத் திறந்துதான் வச்சிருக்கேன்" என்றேன். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். போகட்டும்.

மறுநாள் வேலைக்குப் போனேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை என்னுடையது. காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தான் சம்பளம். திங்கள் தவறாமல் ஒரு அம்மா வந்து என்னைக் கிழிகிழியென்று கிழிப்பார். அன்று வரவில்லை.

"அவங்க இனிமே வரமாட்டாங்க சார், லாரித் தண்ணிக்கு மாறிட்டாங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. மனசே சரியில்லை.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அவளுடைய பைபிளை எடுத்தேன். அதில் துதிக்கிற சங்கீதப் பாட்டுகள் மட்டுமல்ல, அழுகிறவையும் உண்டு என்று எப்போதோ பிரசங்கத்தில் அரைத்தூக்கத்தில் கேட்டிருந்தேன். அவள் கோடு போட்ட பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் புரட்டினேன். ஒரு இடத்தில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் பிரித்தேன். எண்பத்தெட்டாம் சங்கீதம்.

அவள் கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். ஒருத்தன் இரவும் பகலும் கத்துகிறான். ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் என்று கேட்கிறான். சிநேகிதர்களும் போய்விட்டார்கள். கடைசியில் இருட்டு. கடைசி வசனத்திலாவது ஒரு ஸ்தோத்திரம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பைபிள்ல இருக்கா, நீங்களா சேத்தீங்களா?"

"எனக்கேது அவ்வளவு வாய்? இந்தா பாரு. என் மேசைக்கு வந்து கத்துறவங்க, தண்ணி வரும்னு நம்பித்தான் கத்துறாங்க. நம்பிக்கை விட்டுப்போனவங்க வர்றதில்ல. நீயும் போய்க் கத்து. அவர் கேட்டுக்கட்டும்."

பைபிளை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே ஒரு தடவை பார்த்தாள். அப்புறம், "என் முதுகைப் பத்தியும் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஜெபிக்கத் தெரியாது. புகார் எழுதத்தான் தெரியும். "ஆண்டவரே, இவ முதுகு வலி பத்து மாசமா..."

"பதினொண்ணு" என்றாள் வெடுக்கென்று. "பதினொரு மாசம் ஆண்டவரே! ஒருநாள் ராத்திரிகூட தூங்கலை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. எங்க போனீங்க நீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

அழுதாள், திட்டினாள், மறுபடி கேட்டாள். பாதியில் மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஸ்தோத்திரம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு ஆமென் சொன்னேன்.