பரணிதரன் வீட்டுப் பாட்டுப்பெட்டி

பேரணாம்பட்டில் பரணிதரன் வீட்டு போனோகிராஃப் ஓடத் தொடங்கிய அன்று அந்தத் தெருச் சேவல்கள் கூவுவதை நிறுத்திக்கொண்டன. கழுத்தை நீட்டின, அலகைத் திறந்தன, சத்தம் வரவில்லை. கூவல் அந்தப் பெட்டியின் பித்தளைக் குழலிலிருந்து வந்தது. ஜனங்கள் அதைக் கேட்டு எழுந்து, தண்ணீர் பிடித்து, பேக்டரி பஸ்ஸுக்கு ஓடினார்கள். விடிந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், எங்கிருந்து கூவினால் என்ன.

பரணிதரன் ஆம்பூர் ஷூ பேக்டரியில் தரம் பார்ப்பவன். ஒரு தையல் கோணினாலும் ஜோடியையே ஒதுக்கிவிடுவான். பழைய பாட்டுப்பெட்டிகளைச் சேர்ப்பதிலும் அதே கண்தான். இந்தப் பெட்டி மெழுகு உருளையில் பாடுகிற வகை, நூறு வயதைத் தாண்டியது. அதன் மைக்காத் தகடு, ஊசிக்கல், திருகாணி எல்லாம் அந்தக் காலத்தவையே. இன்றைய பாகத்தை மாட்டுவது அவனுக்குப் பொய் சொல்வதைப்போல. மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் தோல் பெல்ட் மட்டும் கிடைக்காமலிருந்தது. ரசாயனத்தில் பதப்படுத்திய குரோம் தோல் ஆகாது, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தியதுதான் வேண்டும் என்று அலைந்தான். கடைசியில் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் சர்தார் பாஷாதான், இடிபட்டுக்கொண்டிருந்த, தோல் பதனிடும் ஷாப் ஒன்றிலிருந்து பழைய வார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உருளை வெற்று மெழுகு, யாரும் எதையும் பதிந்ததில்லை. ஆனாலும் பெட்டி பேசியது.

சேவல்களுக்குப் பிறகு நாய்கள், நாய்களுக்குப் பிறகு சர்தார் பாஷா. மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை வெறுமையானது. அதே நேரத்தில் பரணிதரன் வீட்டுக் குழல், அவருடைய சளிக் கரகரப்போடு, "ஆம்பூர், ஆம்பூர், ஏறு ஏறு" என்றது. அவர் மனைவி நசீமுன்னிசா வந்து வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணா, அவரு கொண்டாந்து குடுத்த வாருதானே? கழட்டிடுண்ணா."

பரணிதரனின் மனைவி பாரதியும் அதையே சொன்னாள். "ரப்பர் பெல்ட்டு மாட்டிடேன். சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தா இன்னா இப்போ?"

மாட்டினான். பாஷாவுக்குக் குரல் திரும்பியது, நாய்கள் குரைத்தன. பெட்டியோ ஜலதோஷம் பிடித்ததுபோல் இரைந்தது. சில நாள் பொறுத்துப் பார்த்தான். பாரதி ஆலங்காயத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தடவை என்று தனக்கே சொல்லிக்கொண்டு பழைய பெல்ட்டை மாட்டிச் சாவி கொடுத்தான்.

"ஒரு பேரணாம்பட்டு குடுங்க" என்றது குழல்.

பாரதியின் குரல். ஊர் திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறாள். பேக்டரியில் தையல் லைனை மேற்பார்க்கிறவள் அவள்; அத்தனை மிஷின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற குரல் அது. பெல்ட்டைப் பிடித்து இழுத்திருந்தால் அப்போதே நின்றிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கை போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவள் குரலை இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை. சாவி இறங்கும்வரை கேட்டான். பிறகு மறுபடியும் சாவி கொடுத்தான்.

பாரதி வந்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்தது. குழல் பேசியது.

"உனக்கு நான் இன்னா கம்மி பண்ணேன்?"

அவன் பதறி பெல்ட்டைக் கழற்றி ரப்பரை மாட்டினான். இம்முறை யாருக்கும் எதுவும் திரும்பவில்லை. அவள் தொண்டையிலும் குரல் இல்லை, குழலிலும் இல்லை. எதிர்வீட்டில் பாஷாவும் மறுபடி சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் பாரதியே எழுந்து பழைய பெல்ட்டைத் தேடியெடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் மாட்டினான், குழலில் அவள் குரல் வந்தது.

இப்போது பேக்டரியில் ஆள் கூப்பிட அவளுக்கு ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். காலையில் அவளே சாவி கொடுக்கிறாள். தக்காளி இல்லை, கேஸ் புக் பண்ணணும் என்று குழல் சொல்ல, பரணிதரன் நின்றபடி கேட்டுக்கொள்கிறான். அவள் அவனைத் திட்டுவதில்லை. திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருக்கிறது. டூட்டி முடிந்து பாஷாவும் நசீமுன்னிசாவும் வந்து, டீ குடித்து, குழலருகே உட்கார்ந்து தங்கள் வீட்டு விஷயத்தைப் பேசி முடித்துப் போகிறார்கள். தெருவில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. கைக்குழந்தைக்காரிகள் மட்டும், அந்த வீட்டைத் தாண்டும்போது, குழந்தையின் வாயை முந்தானையால் பொத்திக்கொள்கிறார்கள்.