இடது மூலையில் ஒரு மினுக்கல்

"பொட்டுப் பொட்டா மினுக்குதுங்கறேன், அத நல்ல கார்டுன்னு எந்த வாயில சொல்ற—"

"எங்க மினுக்குதுன்னு தொட்டுத்தான் காட்டுங்களேன் அண்ணே, நானும் வந்ததுலருந்து கண்ண விரிச்சு—"

"இத, இங்க. எடது மூலையில. இப்ப இல்ல. நீ வந்து நின்னா ஒளிஞ்சுக்குது."

"ஒளியுறதுக்கு அது என்ன நான் வளத்த நாயா?"

"வித்தவனக் கண்டா மாடு சாதுவாத்தான் நிக்கும். ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்தப்பறம் உதைக்கும்!"

வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் கற்பகம் சிரித்திருப்பாள். வீட்டுக்காரருக்கும் ஜோமோனுக்குமாகக் கொண்டுவந்த இரண்டு காப்பி டம்ளர்களையும் மேசையில் வைத்துவிட்டு, யார் முதலில் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். யாரும் எடுக்கவில்லை.

வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தைக்குத் திரும்புகிற முக்கில், உரக்கடைக்கு மேலே இருக்கிறது அந்த அறை. கற்பகத்தின் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் அங்கே உட்கார்ந்துதான் சுற்றுவட்டாரத்துக் கல்யாண வீடியோக்களையெல்லாம் வெட்டி ஒட்டித் தருகிறார். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளியே பங்குனி வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தாலும் உள்ளே எப்போதும் அந்தி மாதிரிதான் இருக்கும்.

ஜோமோன் கொழிஞ்சாம்பாறையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவன். இடுக்கி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, பிழைப்புக்காக மலையிறங்கி வந்தவன். மோகனசுந்தரத்துக்கு வாய்த்த ஒரே சிநேகிதன். படத்தை வேகமாக ஓட்டித் தருகிற கிராபிக்ஸ் கார்டு இதுவரை எத்தனை மாற்றியிருக்கிறாரோ, அத்தனையும் அவன் கடையில் வாங்கியதுதான்.

புதுக் கார்டு வாங்குவது அவருக்குப் பிடிக்காது. "புதுசு வாங்கறவன் பொட்டிக்குத்தான் காசு குடுக்கறான்" என்பார். போன வருஷத்துக் கார்டை, அதிலும் கீழ்ப்படியில் இருப்பதைத்தான் தேடுவார். திருகாணியைப் பிரித்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மூக்கருகே வைத்து முகர்வார். கருகல் வாடை அடித்தால் தொட மாட்டார். கடைக்காரன் முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கக் கூடாது, தன் கண்ணெதிரே ஆறிய கார்டைப் பூட்டி ஓட்ட வேண்டும். சந்தைக்கு வருகிறவர்கள் மாட்டுக்குப் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டு வாங்குகிற மாதிரிதான். வாங்கி முடித்ததும் ஜோமோன் கார்டில் ஒரு சணல் துண்டைக் கட்டி, அந்தச் சணலைத்தான் அவர் கையில் கொடுப்பான். "கயிறு மாத்தியாச்சுண்ணே" என்பான். சந்தையில் கயிறு கைமாறிவிட்டால் மாடு திரும்பாது. இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தவரே மோகனசுந்தரம்தான்.

அதற்கப்புறம் ஓவர்கிளாக். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேலே ஒரு படி ஏற்றுவார். கனமான படம் ஒன்றை ஓடவிட்டு, திரையில் புள்ளி தெறிக்கிறதா என்று இமைக்காமல் பார்ப்பார். தெறிக்கவில்லை என்றால் இன்னொரு படி. எங்கே புள்ளி தெறிக்கிறதோ அங்கே நிறுத்தி ஒரு படி இறக்கி, கார்டைத் தட்டிக் கொடுத்து, "இதுதான்டி உன்ற பலம்" என்பார். மலிவுக் கார்டு விலைகூடிய கார்டுக்கு ஈடாக ஓடும். கற்பகத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரியும். கூறைப்புடவைச் சிவப்பு ஒரு சாயல் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில்தான் மினுக்கல் தொடங்கியது. ஏற்றிய வேகத்தை ஒரு படி இறக்கினார். அப்புறமும் மினுக்கியது. இன்னும் இறக்கினார். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கே வந்து, அதற்கும் கீழே போனார். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை இரண்டு மூன்று நாள் இழுத்தது. அப்படியும் நிற்கவில்லை. குப்பண்ணன் வீட்டுக் கல்யாணப் படத்தில் தாலி கட்டுகிற இடத்தில் புள்ளி விழுகிறதென்று திரும்பத் திரும்பச் செய்தார்.

"குப்பண்ணன் பாத்தாரா?" என்று கேட்டான் ஜோமோன். "அவரு என்ன சொன்னாரு?"

"அவுருக்கு என்னடா தெரியும்? நல்லாருக்குதுங்கறார். தோட்டத்துல தேங்கா எண்ற மனுசன்."

"மதினி, நீங்க பாத்தீங்களா?"

கற்பகம் பார்த்திருந்தாள். அவருக்குத் தெரியாமல் அந்தப் படத்தைத் தன் போனில் ஏற்றி, அடுப்படியில் நின்றபடி ஓட்டிப் பார்த்தாள். கோவையில் இருக்கிற தங்கை பிரதீபாவுக்கும் அனுப்பினாள். "துடைச்சு வெச்சாப்பல இருக்குதக்கா, எதுக்குக் கேக்கற?" என்றாள் அவள். சும்மாதான் என்று கற்பகம் போனை வைத்துவிட்டாள்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, கண்ணையும் ஒருதரம் காட்டிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லி எத்தனையோ காலமாகிறது. "சீசன் முடியட்டும்" என்றார். கல்யாணச் சீசன் முடிந்தால் பூப்புனித நீராட்டு வரும், அதுவும் முடிந்தால் கோவில் நோம்பி. போன சந்தையன்று வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கமிருந்து எருமை ஒன்று ஆற அமர ரோட்டைக் கடந்தது. அவள் கத்தின பிறகுதான் பிரேக்கைப் பிடித்தார். "எங்கிருந்து வந்துச்சு இது?" என்றார். அது வெகுநேரமாக அங்கேதான் இருந்தது.

படத்தில் இல்லாத புள்ளியையும் அவர் கண்ணில் படாத எருமையையும் முடிச்சுப் போட அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. போட்ட முடிச்சை அவிழ்க்கத்தான் அன்றிலிருந்து பாடுபடுகிறாள். கார்டாகவே இருக்கட்டும். கார்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் மினுக்கல் நின்றுவிட்டால், முருகன் கோவிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா மதினி?" என்று மறுபடியும் கேட்டான் ஜோமோன்.

"பாத்தனே" என்றாள். "அவுரு சொல்றது நெசந்தான். மினுக்குது."

மோகனசுந்தரம் நாற்காலியில் நிமிர்ந்தார். "கேட்டுக்கடா! நான் சொன்னா பைத்தியக்காரன். அவ சொல்றாளில்ல?"

"எங்க மினுக்குது மதினி?"

"அவுரு சொன்ன எடத்துலதான். தெரிஞ்சே குடுத்திருக்கறீங்க நீங்க. ராப்பகலா ஓட்டித் தேஞ்ச கார்ட நல்லதுன்னு சொல்லித் தலையில கட்டிட்டீங்க. கூடப் பொறந்தவனாட்டம் ஊட்டுல சோறு தின்னுபோட்டு..."

தன் குரல் இப்படி ஏறும் என்று அவளே நினைக்கவில்லை. ஜோமோனின் முகம் சுண்டிப்போனது. பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கற்பகத்தின் முகத்தைப் பார்த்தான். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சொல்லாதே சொல்லாதே என்று தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள் அவள். அவன் திரையைப் பார்த்தான். சிநேகிதனைப் பார்த்தான். மேசையில், அவருடைய கைக்கு இடது பக்கத்தில், காப்பி டம்ளர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தேடவும் இல்லை.

"காப்பி ஆறுதுண்ணே" என்றான்.

"எங்க? குடுத்தாத்தான குடிக்கறதுக்கு? கற்பகம், ஒரு வாய் காப்பி போட மாட்டியா?"

அவள் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கொஞ்சம் அவர் வேட்டியில் சிந்தியது.

ஜோமோன் எழுந்து நின்றான். "சரிண்ணே. தப்பு என் மேலதான்" என்றான். "கார்டு கெட்டதுதான். நான் பாக்காமக் குடுத்துட்டேன். கழட்டி எடுத்துட்டுப் போறேன், வேற தாரேன்."

"அப்பிடி வா வழிக்கு! இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குடா கத்தறேன்?" மோகனசுந்தரத்தின் குரல் சட்டென்று இளகிவிட்டது. "கயிறு மாத்தினத நான் திருப்பிக் குடுக்கறவன் இல்ல ஜோமோன். உனக்கே தெரியும். இதுவரைக்கும் ஒண்ணாச்சும் குடுத்திருக்கறனா?"

"இல்லண்ணே."

"கண்ணால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலடா. நம்ம தொழிலே இந்தக் கண்ணுலதான இருக்குது?"

"ஆமாண்ணே."

ஜோமோன் கம்ப்யூட்டரை நிறுத்தினான். சுவரில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தான். திரை இருண்டது. மேசைக்கடியில் மண்டியிட்டு, பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்து, போன் வெளிச்சத்தில் திருகாணிகளைக் கழற்றினான். மோகனசுந்தரம் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, அடுத்து எந்தக் கார்டு பார்க்கலாம், கம்பெனிக்காரன் வைத்ததுக்கு மேலே அது எவ்வளவு தாங்கும், வெயில் காலத்தில் காற்றாடியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் குரலில் உற்சாகம் இருந்தது. கற்பகம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இப்படியே பேசிக்கொண்டிருக்கட்டும் என்றிருந்தது.

கார்டு வெளியே வந்தது. பழைய சணல் துண்டு இன்னும் அதன் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் இருந்தபடியே ஜோமோன் கார்டை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். சூடு இன்னும் ஆறவில்லை.

மோகனசுந்தரம் பேச்சை நிறுத்தினார். இருண்ட திரையின் பக்கம் தலையைச் சாய்த்து, இடது மூலையைக் கூர்ந்து பார்த்தார்.

"இத, இத! இப்பத்தான் நல்லா மினுக்குது. ஓடியா, வந்து பாரு" என்றார். "ஏன்டா ஜோமோன், கார்ட இன்னும் கழட்டலயா நீ?"