லேத்துக்குத் திரை மாட்டிய மூன்று நாள்

என் மனைவியின் தையல் மெஷினில் புஷ் போனது ஒரு வியாழக்கிழமை காலை. எனக்குப் பார்சல் வந்தது அதே வியாழக்கிழமை மத்தியானம். இரண்டும் ஒரே நாளில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புஷ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினுக்குக் கீழே காலால் மிதித்து ஓட்டும் பெரிய வீல் இருக்கிறதே, அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் பித்தளை வளையம். அது தேய்ந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. வீல் தள்ளாடியது, பெல்ட் கழன்று கழன்று விழுந்தது. மெஷின் என் மாமியாருக்கும் முந்தைய காலத்தது. அதற்குப் புஷ் கேட்டால் கடைக்காரன் சிரிக்கிறான்.

"பட்டறையில குடுத்து ஒண்ணு கடைஞ்சு வாங்கிட்டு வந்துடறேங்க," என்றாள் என் மனைவி. "திங்கக்கிழமை காலையில நாப்பது சட்டை குடுக்கணும். இன்னும் பதினெட்டு இருக்கு."

நாற்பதும் பள்ளிக்கூடச் சட்டைகள். இத்தனை வருடம் ஒரு ரவிக்கை, ஒரு திரைச்சீலை என்று தைத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக மொத்தமாக வந்த வேலை. சொன்ன நாளில் கொடுத்தால் வருடம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்து வேலை அவளுக்குத்தான். ஒரு நாள் தப்பினால் ஃபேக்டரிக்காரனிடம் போய்விடும். தலைமையாசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "வீட்ல லேத்த வெச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி பட்டறை வாசல்ல போய் நிக்கறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க? அரை மணி நேர வேலை. நான் கடைஞ்சு தரேன்," என்று கத்தினேன்.

அவள் உடைந்த புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அரை மணி நேர வேலைதான், சத்தியமாக. லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. லேத் என் ஆசை; உலோகத்தைச் சுழலவிட்டுக் கத்தியால் கடையும் மெஷின். பின்கட்டு ஷெட்டில் அது இருக்கிறது. குழந்தைக்குப் போடுவதைவிட அதற்கு அதிகம் எண்ணெய் போட்டிருக்கிறேன். ஆனால் மத்தியானம் பார்சல் வந்துவிட்டதே! உள்ளே என்ன தெரியுமா? லேத்துக்கு மாட்டுகிற டிஜிட்டல் அளவுமானி. முழுசாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது என்று தனித்தனிப் பாகமாக வாங்கியிருந்தேன். ஒரு பச்சைப் பலகை, பொடிப்பொடியாகப் பாகங்கள், சிவப்பு எண் காட்டும் திரை, லேத்தின் மேல் ஓட்டும் அளவுகோல். எல்லாம் நாமே ஈயத்தால் பற்றவைத்து, நாமே மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் கத்தி எவ்வளவு நகர்ந்தது என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை திரையில் ஓடும்.

இப்படி ஒன்று கையில் இருக்கும்போது குத்துமதிப்பாக ஒரு புஷ் கடைவதா? முதலில் திரை, பிறகு புஷ். லேத் வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வேலை செய்வதற்கு முன்னால் வேலை செய்கிற சாமானுக்கு வேலை செய்வோம். எங்கள் லேத்துக்காரச் சாதியின் புத்தி அது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். துணைக்கு என் மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவன் பெயர் ரேடியோ.

பார்சலில் இருந்த விவரத்தாளை அவன்தான் படித்தான். எந்த மெஷின் மொழிபெயர்த்ததோ, "அன்பு நண்பரே, மின்சாரம் வரும் முன் துக்கம் வேண்டாம்" என்று ஆரம்பித்தது.

"மச்சான், முழுசா படிச்சுட்டு ஆரம்பிப்போம்."

"படிச்சுக்கிட்டே இருந்தா எப்ப மாட்டறது? நீ சூடு வை மாப்ள."

பற்றவைத்தோம். கரண்ட் கொடுத்தோம். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கட்டைவிரல் அளவு இருந்த ஒரு பாகம் கூரையில் பட்டு என் எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது. தலைகீழாக வைத்துப் பற்றவைத்தது யார் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நான்தான். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

மனைவி வாசலில் வந்து நின்றாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நல்ல சத்தந்தான்," என்றேன்.

சனிக்கிழமை வேறு கூத்து. அளவுகோலைப் பிடித்து நிறுத்த ஒரு இரும்புத் தாங்கி வேண்டும். தாங்கியை லேத்தில் கடைய வேண்டும். லேத்தையோ தாங்கி மாட்டுவதற்காகப் பிரித்துப் போட்டிருக்கிறோம்! இரண்டு பேரும் அரை மணி நேரம் லேத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் ரேடியோ வீட்டுக்குள் போய், கூடத்துத் திரைச்சீலைக் கம்பியின் தாங்கியைக் கழற்றிக்கொண்டு வந்தான். கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே சீலை கம்பியோடு தொபுக்கென்று விழுந்த சத்தமும் கேட்டது.

"அக்கா கையில துணி சுத்தியிருக்கு மச்சான்," என்றான் திரும்பி வந்தவன்.

"தைக்கிறவ கையில துணி இருக்காம இட்லித் தட்டா இருக்கும்? ஸ்க்ரூவ முடுக்கு."

முடுக்கினான். மோட்டாரைப் போட்டால் திரையில் எண்கள் தாமாக ஓடின. லேத் நின்ற இடத்தில் நிற்கிறது. திரையோ அது பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறது. எர்த் கம்பி இழுத்து அதைச் சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் சாப்பிட உள்ளே போனபோதெல்லாம் தட்டில் சோறு மூடி வைத்திருந்தது. தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டக், டக் என்று மெதுவாக ஏதோ கேட்டது. இஸ்திரி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி எங்கேயாவது டக் டக் என்குமா? யோசிக்க எனக்கு ஏது நேரம்!

எண் நின்றது. நகர்த்தினால் நகர்ந்தது, நிறுத்தினால் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப பாரு மாப்ள புஷ்ஷ."

கையிலிருந்தது ஒரே ஒரு வெண்கலத் துண்டு. துளை போட்டு, வெளி விட்டத்தைப் பத்தொன்பது மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். வேண்டியது பதினெட்டு. திரையைச் சைபருக்கு வைத்தேன். திரையில் 1.00 வரும்வரை கத்தியை உள்ளே கொடுத்தேன். அளந்து பார்க்கவில்லை. திரையே சொல்லும்போது அளப்பவன் மடையன்.

முன்பே கழற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்திருந்த பெரிய வீலுக்குள் போட்டேன். மறுபக்கம் வழியாகத் தரையில் விழுந்து உருண்டு ஓடியது.

அளந்தேன். பதினேழு.

ரேடியோ சத்தமில்லாமல் விவரத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். "நண்பரே, லேத் எனில் இரட்டிப்புப் பொத்தானை அழுத்துக," என்று படித்தான்.

புரிந்துவிட்டது. என் லேத்தின் பழைய டயலில் ஒன்று திருப்பினால் விட்டத்தில் ஒன்று குறையும். இத்தனை வருடமும் கை அதற்குத்தான் பழகியிருந்தது. திரை காட்டியது கத்தி நகர்ந்த தூரம். கத்தி ஒரு மில்லிமீட்டர் போனால் சுற்றிச் சுழலும் துண்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போகும். பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். வேறு வெண்கலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டறையும் கிடையாது, கடையும் கிடையாது.

சொல்லத்தானே வேண்டும்? தையல் அறைக் கதவைத் திறந்தேன்.

அவள் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மெஷினின் தலையிலிருக்கும் சின்ன வீலை வலதுகையால் சுற்றிக்கொண்டிருந்தாள். இடதுகையால் துணியைத் தள்ளினாள். ஒரு சுற்றுக்கு ஒரு தையல். டக். இன்னொரு சுற்று. டக். வலது உள்ளங்கையில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தாள். அதில் ரத்தக் கறை. பக்கத்தில் மடித்து வைத்த சட்டை அடுக்கு.

"எத்தன ஆச்சு?" என்றேன்.

"முப்பத்தி நாலு. இன்னும் ஆறு."

"புஷ்..." என்று இழுத்தேன்.

"வராதுன்னு வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் கேட்டப்பவே தெரியும்." தலையைத் தூக்கவில்லை. "வெளிச்சத்த மறைக்காதீங்க, நகருங்க."

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். திட்டவில்லையே! ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் வலதுபக்கம் உட்கார்ந்து, வீலின் மேல் கையை வைத்தேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

முதல் சுற்றே தப்பு. நூல் சிக்கிக்கொண்டது. "என் பக்கமா சுத்துங்க! வெளிப்பக்கம் சுத்தினா நூல் அறுந்துடும். லேத்துன்னு நெனச்சீங்களா?"

அவள் பக்கமாகச் சுற்றினேன். இரண்டு கையும் கிடைத்ததும் துணி அவள் விரலுக்கடியில் தண்ணீராக ஓடியது. "வேகமா... மெதுவா... அரைச் சுத்து... நில்லு." மரியாதை காற்றில் போய்விட்டது. நில் என்ற இடத்தில் நின்றேன். ஒரு சட்டை முடிந்தது. இன்னொன்று. எனக்குத் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. இவள் மூன்று நாள் தனியாகச் சுற்றியிருக்கிறாள்.

மூன்றாவது சட்டையின் காலரில் இருந்தபோது ஷெட்டிலிருந்து ரேடியோ கத்தினான்.

"மச்சான்! பட்டன அமுக்கிட்டேன்! கரெக்டா காட்டுது மச்சான், ஒரு புள்ளி பிசகல! ஓடி வாங்க!"

என் கை நின்றது. பொய் சொல்வானேன், எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. மூன்று நாள் உழைப்பு. ஒரே ஒரு நிமிடம், பார்த்துவிட்டு ஓடிவந்துவிடலாம்.

"போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் அவள், ஊசியைப் பார்த்தபடியே. கட்டுப்போட்ட கை தானாக வீல் பக்கம் நீண்டது.

நான் அந்தக் கையைப் பிடித்துத் துணியின் மேல் திரும்ப வைத்தேன்.

"எத்தன சுத்து, சொல்லு," என்றேன்.