தியாகராசாவின் சம்மதம்

பக்கவாதம் வந்த மூன்றாம் நாள் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர ஆஸ்பத்திரியில் கண் விழித்த தியாகராசாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது: ஆமாம் என்பதற்கு ஊரில் சொல்லும் ஓம். தண்ணீர் கேட்கவும் ஓம், வலிக்கிறது என்று சொல்லவும் ஓம், வேண்டாம் என்பதற்கும் ஓம்.

மருத்துவர் அவருடைய மகள் பிரபாலினியை உட்கார வைத்து விளக்கினார். நூற்றறுபது வருடங்களுக்கு முன் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவரிடம், 'டான்' என்பதைத் தவிர வேறெதுவும் பேச வராத நோயாளி ஒருவர் இருந்தார். அவர் இறந்ததும் புரோக்கா மூளையைத் திறந்து பார்த்தார். இடது முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. பேச்சு அங்கிருந்துதான் வருகிறது என்று அறிவித்தார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். தியாகராசாவுக்கும் பழுதானது அதே இடம்.

மற்றவர்கள் பேசுவது அவருக்கு விளங்குமா என்று பிரபாலினி கேட்டாள். அநேகமாக எல்லாமே விளங்கும் என்றார் மருத்துவர். அது அவளுக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

பதினான்கு மாதங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தாள். வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பித்தாள். அவருடைய விருப்பத்தைக் கேட்டறிய ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தாள்.

இல்லத்துக்குப் போகச் சம்மதமா என்று அவள் ஜெர்மனில் கேட்டாள்.

"ஓம்," என்றார் தியாகராசா. உடனே தலையை இருபுறமும் பலமாக ஆட்டினார். இடது கையால் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு, "ஓம், ஓம்" என்று கத்தினார்.

ஆமாம் என்கிறார் என்று பிரபாலினி மொழிபெயர்த்தாள். பிறகு ஏன் தலையை அப்படி ஆட்டுகிறார் என்று அதிகாரி கேட்டாள். எங்கள் ஆட்கள் சம்மதத்துக்கு அப்படித்தான் ஆட்டுவார்கள் என்றாள் பிரபாலினி. தன்னோடு வேலை செய்யும் இந்தியரும் அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே அதிகாரி படிவத்தில் சம்மதம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

முப்பது வருடம் ஜெர்மன்காரரோடு ஆலையில் நின்றவர் தியாகராசா. மகள் சொன்னதைக் கேட்டதும் தலையாட்டுவதை நிறுத்தினார். கம்பியிலிருந்த கையையும் எடுத்தார்.

அதிகாரி போன பிறகு பிரபாலினி கட்டிலருகே வந்து நின்றாள்.

"உங்களுக்கு எல்லாம் விளங்குது எண்டு எனக்குத் தெரியும், அப்பா. இனி என்னால ஏலாது."

அவர் சுவர்ப்பக்கம் பார்த்தபடி கிடந்தார்.

அடுத்த மாதம் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பிரபாலினி பிட்டும் மீன்குழம்பும் கொண்டுபோனாள். ஊட்டப் பார்த்தபோது அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். தங்களிடம் நன்றாகச் சாப்பிடுகிறாரே, உருளைக்கிழங்குகூட மிச்சம் வைப்பதில்லையே என்று தாதி ஆச்சரியப்பட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அப்படித்தான் போயின.

நான்காம் ஞாயிறு, வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடியே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தானே சாப்பிட்டாள். கை துடைத்துவிட்டு, உள்ளே போகாமல் வீட்டுக்குத் திரும்பினாள்.