சுவரோடு நின்றுவிட்ட வாயு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் தெரியும். கடைசல் பிரிவில் அவர் மெருகேற்றிய உலோகத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு அடுத்த அறையில் போய் விழும். இரண்டு முறை விழுந்திருக்கிறது.

ரசாயன லேசருக்கு வாயுவைப் பீய்ச்சும் குழல்முனையான நாசில் செய்தது அவர்தான். வரிசையாக நாற்பது, ஒவ்வொன்றின் கழுத்தும் தலைமுடி நுழையவே யோசிக்கும் இடுக்கு. அதன் வழியே வாயுக்கள் ஒலியை முந்திப் பாய்ந்து, வெளியே வந்து கலந்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வேண்டும். வந்ததென்னவோ கணக்கில் பாதி. பத்தடி தள்ளி வைத்த செங்கல் வெதுவெதுப்பானதோடு சரி. இன்று சாயங்காலச் சோதனையிலும் செங்கலில் துளை விழாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். அவருடைய ஆறு மாத உழைப்பு பழைய இரும்போடு போகும்.

"இன்னொரு தடவை மெருகு போட்டுடறேன் மாப்ள" என்றார், கணக்குப் போடும் விஞ்ஞானியிடம். அவன் அவர் மனைவியின் தம்பி.

"ஏழு தடவை போட்டாச்சு மச்சான். எவ்வளவு வழவழன்னு இருந்தாலும் சுவரைத் தொட்ட வாயு நின்னுடும். அது பக்கத்துல ஓடறதையும் பிடிச்சு இழுக்கும். போகப் போக அந்த மந்தம் தடிச்சு, ரெண்டு பக்கமும் வளந்து நடுவழியை அடைக்குது."

"என் சுவர்லயா நிக்கும்?"

"கடவுளே கடைஞ்ச சுவர்லயும் நிக்கும்."

"அப்ப என்னதான்டா பண்ணச் சொல்ற?"

"சுவரைக் குறைங்க. நீளத்துல பாதியை வெட்டிடுங்க."

மைக்ரான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அக்கா அப்பவே சொன்னா, நீ சின்ன வயசுல எல்லா பொம்மையையும் உடைப்பேன்னு."

ஆனாலும் வெட்டினார். நாற்பது முறை ரம்பம் ஓடியது. வெட்டி விழுந்த நாற்பது துண்டுகளையும் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வால்வு திறந்தது. காற்றில் ஒரு ஒளிக்கீற்றுகூட இல்லை. ஆனால் செங்கல் சிவந்தது, வெளுத்தது, பாகாக உருகி வழிந்தது. நடுவில் ஓட்டை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்ததில் சன்னல் கண்ணாடிகள் உட்பக்கமாக வளைந்தன.

மைக்ரான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் விரல்கள் செய்த இடுக்கு வழியாக எதுவோ போயிருக்கிறது. அதைப் பார்த்தவர் யாருமில்லை.

"மாப்ள, இது என் நாசில்லேருந்தா வந்துச்சு?"

"உங்களோடதுலேருந்துதான் மச்சான்."

மைக்ரான் ரம்பத்தைக் கையில் எடுத்தார்: "இன்னும் ஒரு மில்லிமீட்டர் வெட்டிப் பாப்பமா?"