குதிகால் ஊன்றி

மாமனாரின் வலது குதிகால் கட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மருமகன் ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரல் இடுக்கைக் கணுக்காலின் முன்பக்கம் பொருத்திப் பின்னோக்கித் தள்ளினான். விட்டான். மறுபடி தள்ளினான். எலும்பு நகர்வது ஒரு நகத்தின் கனம்கூட இருக்காது. பார்ப்பவர்களுக்கு, சும்மா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

"எல்லாரும் பொண்ணு கேட்டு மாமனார் காலைப் பிடிப்பாங்க," என்றார் மாமனார், வாசல்படியில் நின்ற மனைவியிடம். "இவரு கட்டிக்கிட்டு ஆறு வருஷம் கழிச்சு வந்து பிடிக்கிறாரு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"கை கால் பிடிச்சு விடுறவனுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்?" என்று கல்யாணத்துக்கே வராமல் இருந்தவர். பிறகு போக்குவரத்து ஏற்பட்டும் அவனிடம் நேராகப் பேசியதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவனை "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வார். டைல்ஸ் பெட்டியோடு படியில் சறுக்கிக் கணுக்கால் உடைந்து ஐந்து மாதமாகியிருந்தது. கட்டுப் பிரித்தபோது கால் பலகைபோல விறைத்துக் கிடந்தது. ஏழு வாரமாக, தன் பிசியோதெரபி அறையைத் திறக்கப் போகும் வழியில், தினமும் காலையில் அவன் வந்துபோகிறான்.

தரை போடுகிறவருக்குக் குந்தி உட்கார வரவில்லையென்றால் கையிருந்தும் இல்லாத கணக்குத்தான். கணுக்கால் முன்னே மடங்கினால்தான் குதிகால் தரையில் பதியும்.

"இன்னிக்கிக் குந்திப் பாக்கறேன்," என்றார்.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் மாமா."

"ரெண்டு வாரத்துல என்ன புதுசா முளைக்கப்போவுது? பிடிங்க மாப்ளே."

அவன் கை அப்படியே நின்றது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

அக்குளில் கைகொடுத்து மெல்ல இறக்கினான். முட்டி மடங்கியது, கணுக்கால் முனகியது, இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. கட்டில் காலைப் பிடித்திருந்த கையையும் அவர் விட்டுவிட்டார். தான் போட்ட தரையை உள்ளங்கையால் தடவினார். இரண்டு கற்களின் இணைப்பில் நகத்தை ஓட்டினார்.

"இந்த மூலையில கல்லு ஒரு நூல் ஏறியிருக்கு. இருவது வருஷமா ஒருத்தரும் சொல்லல பாரு."

எழுப்பியபோது நெற்றி வியர்த்திருந்தது.

"மூச்சு வாங்குதா மாமா?"

"வயசாவுதுல்ல. படுத்தாச் சரியாயிடும். அப்படியே இன்னொருக்கா ஆட்டி விடுங்க, சுகமா இருக்கு."

அவன் மறுபடி காலை ஏந்தினான். மனதுக்குள் எண்ணிக்கொண்டே தள்ளினான். தூங்குகிறவரின் கால்கூட ஓர் எல்லையில் லேசாக எதிர்க்கும். முப்பதைத் தாண்டியபோது அந்த எதிர்ப்பு இல்லை. கனம் மட்டும் கையில் இருந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். மருத்துவமனையில், இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை யாரும் அவனிடம் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, நண்பகலுக்கு மேல் மச்சான் வந்து சேர்ந்தார். அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கால்மாட்டில் நின்றவனிடம் திரும்பினார்.

"காலையில என்ன ஆச்சு?"

"குந்திப் பாக்கணும்னாரு. நான்தான் பிடிச்சு உக்கார வெச்சேன், மச்சான்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? யாரு உக்காரச் சொன்னது?"

விசும்பிக்கொண்டிருந்த அவன் மனைவி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் சாய்ந்திருந்த அத்தை நிமிராமலே பேசினாள்.

"உங்கப்பா யாரு சொல்லி எதைக் கேட்டிருக்காரு?"

பிறகு, "குதிகால் நல்லாப் பதிஞ்சுச்சுடா," என்றாள். "நான் பாத்தேன்."

மச்சான் கட்டிலின் கால்பக்கம் வந்தார். போர்வையின் நுனியைத் தூக்கி அந்தப் பாதத்தைப் பார்த்தார். தொடப்போன கை பாதியில் நின்றது. போர்வையைத் திரும்ப இழுத்து, சுருக்கத்தை நீவிவிட்டார்.

"வெளியில அப்பாவோட ஆளுங்க வந்திருக்காங்க," என்றார், முகத்தைப் பார்க்காமல். "தண்ணி குடுங்க மாப்ள."

அவன் குடத்தோடும் தம்ளர்களோடும் வெளியே போனான். எட்டுப் பேர். பாதி வேலையில் கிளம்பி வந்திருக்க வேண்டும். முழங்கைவரை வெள்ளை சிமெண்ட் காய்ந்திருந்தது. போட்டிருந்த நாற்காலிகளில் ஒருவரும் உட்காரவில்லை. மதில் நிழலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், பதினாறு பாதங்களும் மண்ணில் முழுசாகப் படிந்திருக்க.

தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். தம்ளரைத் திருப்பிக் கொடுத்த பெரியவர் கேட்டார்.

"மருமகனா?"

"ஆமா."

பெரியவர் குந்திய வாக்கிலேயே பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தார். அடுத்தவரும் நகர்ந்தார். இடையில் ஓர் ஆள் கொள்ளும் இடம் விழுந்தது.

அவன் குடத்தை மதிலோரம் வைத்துவிட்டு அங்கே போய்க் குந்தினான்.